கப்பலில் தலையில் அடிபட்டவருக்கு ஸ்கானில் ஒன்றுமில்லையாம். ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். என்ன செய்வது?

கேள்வி நீளமானது, சுருக்கித் தருகிறேன். கணவர் வளைகுடாவில் கப்பல் வேலை. மூன்று மாதத்துக்கு முன் டெக்கில் விழுந்து தலையில் அடி. அங்கேயே ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார், சொன்னதை மறக்கிறார், பகலில் படுக்கிறார், இரவில் முழித்திருக்கிறார். வெளி ஆட்கள் வந்தால் மட்டும் நன்றாகக் கதைக்கிறார். ஏஜென்ட் 'காசுக்காக நடிக்கிறார்' என்கிறார். இது மாறுமா?

தங்கச்சி என்று கூப்பிடுகிறேன், வயது தெரியாது, குறை நினைக்க வேண்டாம். நான் டொக்டர் இல்லை. உங்கள் கணவர் இப்போது நிற்கும் இடத்தில் மாதக்கணக்காக நின்றவன். அவர் நடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடிக்கிறவன் ஏஜென்டுக்கு முன்னால்தான் நடிப்பான். இவர் ஏஜென்டுக்கு முன்னால் சமாளித்துவிட்டு உங்களுக்கு முன்னால் உடைகிறார்.

எனக்கு ஊர் முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பில் பக்கம். எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சப்ளைக் கப்பலில் டெக் வேலை செய்தேன். அந்த மாதிரிக் கப்பல்களின் பின் டெக் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தான் இருக்கும், கொஞ்சம் காற்று எழும்பினாலே தண்ணீர் ஏறி இறங்கும். ஆறு மணித்தியாலம் வேலை, ஆறு மணித்தியாலம் ஓய்வு. ஓய்வு என்பது பேருக்குத்தான், குளித்துச் சாப்பிட்டுக் கண் மூடினால் நாலு மணித்தியாலம் கிடைக்கும். 2018 தை மாதம், வளைகுடாவில் வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால் காற்று தொடங்கியிருந்தது. கிரேன் கொக்கியைக் கொளுவிவிட்டு விலகும்போது பின்னால் வந்த அலை காலை வாரிவிட்டது. பிடரி போய்க் கொள்கலன் மூலையில் அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தேன். அது உடையவும் இல்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. உடனே எழும்பி நின்றேன் என்று சொல்கிறார்கள்.

'சொல்கிறார்கள்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த அரை மணித்தியாலம் என்னிடம் இல்லை. கூட நின்ற மலையாளிப் பெடியன் பிறகு சொன்னான்: 'சாமான் இறக்கியாச்சா?' என்று ஐந்தாறு தடவை கேட்டேனாம். ஒவ்வொரு தடவையும் அவன் 'ஆச்சு' என்றானாம். கடைசியில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஆள் மயங்கவில்லை, நடக்கிறான், அப்போ ஒன்றுமில்லை. கப்பலில் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்குப் பிழை. மூளை அதிர்ந்துபோன பலபேர் மயங்குவதே இல்லை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது, அடிபட்ட நேரம் ஞாபகத்தில் இல்லாமல் போவது, இதெல்லாம் மூளைக்கு அடி இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். அன்று இரவு மூன்று தடவை சத்தி எடுத்தேன். 'கடல் ஒத்துக்கொள்ளவில்லையோ?' என்று மெஸ்ஸில் பகிடி. கரைவலைக்காரன் மகனுக்கு இந்தப் பேச்சு. கரையில் என்றால் தலையில் அடிபட்டவன் சத்தி எடுத்தால் யாராவது பயப்படுவார்கள். கடலில் சத்திக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. தலைச்சுற்றுக்கும் அப்படித்தான், கப்பல் ஆடுகிறது என்று சொல்லிவிடலாம்.

கப்டன் ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். ரோமில் 1935இல் தொடங்கிய வானொலி மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது. வானொலியோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அதே மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பலுக்கும் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு பனடோல். ஆறாம் நாள் துறைமுகத்தில் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள், 'நோர்மல்', வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதினார்கள். இன்னும் மூன்று கிழமை வேலை செய்தேன். அதில் ஒருநாள் கொக்கி கழற்றாமலே 'தூக்கு' என்று கையைக் காட்டிவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சரி, ஸ்கான் விஷயம். வன்னியில் எருமைத் தயிர்ச் சட்டியை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு குறுக்கே வந்து சடாரென்று பிரேக் பிடித்தால் சட்டி உடையாது. உள்ளே தயிர்? சி.ரி. ஸ்கான் பெரும்பாலும் சட்டியைப் பார்க்கிறது. எலும்பு வெடித்திருக்கிறதா, இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறதா, உடனே சத்திரசிகிச்சை வேண்டுமா என்று சொல்லும். அதற்கு அதைவிட நல்லது இல்லை, ஆகவே எடுத்தது சரிதான். ஆனால் மூளைக்குள் ஓடும் நுண்ணிய நார்கள் இழுபட்டிருப்பது அதில் தெரியாது. இலேசான மூளைக்காயத்தில் ஸ்கான் சுத்தமாக வருவதுதான் வழமை. ஹெல்மெட்டும் அப்படியே. மண்டையோட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை ஆடுவதை நிறுத்தாது.

'இலேசான' என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். 1974இல் கிளாஸ்கோவில் இரண்டு டொக்டர்கள் ஓர் அளவை செய்தார்கள்: கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் புள்ளி, ஆகக் குறைந்தது 3, கூடியது 15. 13இலிருந்து 15 வரை என்றால் இலேசான காயம். என் ரிப்போட்டில் 15. ஆறு நாள் கழித்து நடந்துபோனவனுக்கு 15 வராமல் என்ன வரும்? அந்தப் புள்ளி உயிராபத்தைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் நீங்கள் படப்போகும் பாட்டுக்கு அது புள்ளி போடுவதில்லை.

எனக்கு அடிபட்டது பிடரியில், ஆனால் கெட்டது முன்பக்கம். அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமும் மூளை போய் மோதும். நெற்றிக்கும் கன்னப்பொட்டுக்கும் பின்னால் இருக்கும் பகுதி மண்டையோட்டின் கரடுமுரடான தரையில் உரசுப்படும். கோபத்தை அடக்குவதும், நாலு வேலையை அடுக்கி ஒவ்வொன்றாகச் செய்வதும் அந்தப் பகுதியின் வேலை. உங்கள் கணவர் எரிந்து விழுவதற்கு அவருடைய குணம் காரணமாக இருக்கத் தேவையில்லை. அதற்காக ஏச்சு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கையை ஓங்குகிற அளவுக்குப் போனால் பிள்ளைகளோடு விலகி நில்லுங்கள், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இனி எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல். வன்னியில் ஓர் ஆள் மாறிப்போனால் அதற்கு மூன்று விளக்கம் ஏற்கெனவே வாசலில் நிற்கும். சண்டை, குடி, செய்வினை. நான் வீட்டுக்கு வந்து நித்திரையில்லாமல் திரிந்தபோது பெரியப்பா சொன்னார், 'உது 2009இல வந்தது, இப்பதான் வெளியில வருது'. அம்மா நூல் கட்டுவித்தார். மச்சான் என் வாயை மணந்து பார்த்தான். ஒருவர்கூடக் கப்பலில் விழுந்ததைச் சொல்லவில்லை, நானும்தான். அந்த வருசம் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். சின்ன வயதிலிருந்து போகிற கோயில், கடல் நீரில் விளக்கெரிவதைப் பார்க்கச் சனம் திரளும் இடம். அன்று பறையும் ஒலிபெருக்கியும் சனமும் ஒன்றாகச் சேர, தலைக்குள் எதுவோ நிரம்பி வழிவது போல இருந்தது. தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் உரு வந்துவிட்டது என்று வழிவிட்டார்கள். மனிசிதான் 'உரு இல்லை, இவருக்குச் சத்தம் தாங்கேலாது' என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

அவள்தான் அதற்கு முதலே ஒரு கொப்பி தொடங்கியிருந்தாள். மகளின் பழைய கணக்குக் கொப்பி, பின்பக்கத்திலிருந்து. சில வரிகளை அப்படியே தருகிறேன்:

'4ஆம் திகதி. சீனி வாங்கப் போனவர் சைக்கிளைக் கடையில விட்டிட்டு நடந்து வந்தார். சீனியும் இல்லை.'

'9ஆம் திகதி. பிள்ளை வாய்ப்பாடு சொல்ல, ரீவியும் போக, காதைப் பொத்திக்கொண்டு கிணத்தடிக்குப் போனார். அரைமணித்தியாலம்.'

'11ஆம் திகதி. கறியில ஒண்டும் இல்லை எண்டு கோப்பையைத் தள்ளினார். உப்பு, புளி எல்லாம் சரி. கருவாடு பொரிக்க வாசம் வருதோ எண்டு கேட்டன், இல்லையாம்.'

பொங்கலுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பியல் டொக்டரிடம் போனோம். பரந்தன் வழியாக விடிய நாலு மணி பஸ். நான் வழமைபோல 'இப்ப பரவாயில்லை' என்று தொடங்கினேன். மனிசி கொப்பியை மேசையில் வைத்தாள். டொக்டர் வாசித்துக்கொண்டே போனவர் 11ஆம் திகதியில் விரலை வைத்தார். என் கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தார். பிறகு இன்னொன்று. கோப்பித்தூளும் சவர்க்காரமுமாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான், ஒன்றுமே இல்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பு இழைகள் சல்லடை மாதிரி ஓர் எலும்பின் ஊடாக ஏறுகின்றனவாம். பிடரியில் அடிபட்டு மூளை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும்போது அவை அறுந்துபோகலாம். மனிசி அதைச் சமையல் சண்டையாக எழுதிவைத்திருந்தாள். அவர் அதைக் காயத்தின் அடையாளமாக வாசித்தார்.

அப்புறம் கேட்டார், 'முந்தித் தலையில் அடிபட்டதுண்டா?' இல்லை என்றேன். மனிசி என்னைப் பார்த்தாள். 'மாத்தளனில பங்கருக்குப் பக்கத்தில செல் விழுந்து ரெண்டு நாள் காது கேக்காமல் இருந்தனீங்கள் எண்டு சொன்னீங்களே.' அது 2009 கடைசிச் சண்டையில் நடந்தது. தலைக்காயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, கீறல்கூட இல்லையே. வெடியின் அதிர்வு மட்டுமே மூளையைத் தாக்கலாம், முன்னர் அதிர்ந்த மூளை அடுத்த தடவை தேற நாள் எடுக்கலாம் என்றார். ஆக, பெரியப்பா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கப்பல் அடி கணக்கிலேயே வந்திராது.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் ஒரு விஷயம் கவனம். அது பெரிய காந்தம். உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று ஒரு படிவம் தருவார்கள். வெளியூரில் எல்லாரும் இல்லை என்று கோடு போட்டுவிட்டுப் போகிற கேள்வி. எங்கள் ஊரில் யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும். எனக்கு முதுகில், வேறொரு நேரம் பட்ட ஒரு செல் துண்டு இருக்கிறது. சொன்னேன், முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் கணவருக்கும் அப்படி ஏதும் இருந்தால், முக்கியமாகத் தலையிலோ கண்ணுக்குக் கிட்டவோ என்றால், ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை, இதைத் தள்ளிவிட வேண்டாம். என் சித்தப்பா ஒருவர், அறுபது தாண்டியவர், பின்னேரம் ஒரு போத்தல் கள்ளு இல்லாமல் இருக்கமாட்டார். கரையில் படகு ஏற்றும்போது அலை தூக்கிப் படகின் விளிம்பு தலையில் தட்டியது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டு அடுத்தநாளும் தொழிலுக்குப் போனார். ஆறு கிழமை கழித்து ஒரு கால் இழுபடத் தொடங்கியது, பேச்சும் குழறியது. பாரிசவாதம் என்று எண்ணெய் காய்ச்சினார்கள். பார்த்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. ஓட்டில் சின்னத் துளை போட்டு வடித்தார்கள், நடந்து வீட்டுக்கு வந்தார். வயதானவர்களுக்கும், குடிப்பவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுபவர்களுக்கும் இது கிழமைக்கணக்கில் பிந்தி வரலாம். ஆகவே முதல் ஸ்கான் சரி என்றாலும், தலையிடி நாளுக்கு நாள் கூடினால், திரும்பத் திரும்பச் சத்தி வந்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், வலிப்பு வந்தால், ஒரு பக்கம் கை கால் பலமிழந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெருத்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் தேடியிருப்பீர்கள், அமெரிக்க வக்கீல்களின் விளம்பரம்தான் குவியும். அவர்கள் சொல்லும் ஜோன்ஸ் சட்டம், காயம்பட்ட கப்பல் ஆட்கள் முதலாளி மேல் வழக்குப் போடுவதற்கானது, 1920இல் அந்த நாட்டில் வந்தது. வளைகுடாவில் வேறு நாட்டுக் கொடியில் ஓடுகிற எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் உதவாது. உங்களுக்குத் தேவை கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2006, கப்பல் தொழிலாளருக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்த உடன்படிக்கை. நடைமுறைக்கு வந்தது 2013இல், இலங்கை 2017இல் சேர்ந்தது. கணவரின் கப்பலின் கொடி எந்த நாடு, அது இதில் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவும் சம்பளமும் கப்பல்காரரின் பொறுப்பு. அதற்குக் கால எல்லை வைத்தாலும் 16 கிழமைக்குக் குறைவாக வைக்க முடியாது. நீண்டகால இயலாமைக்கு வேலை ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்குக் கீழே வாங்கச் சொல்லி நெருக்கக் கூடாது. இயலாமை எவ்வளவு என்று கணிக்க நாள் எடுக்குமானால், கஷ்டப்படாமலிருக்க இடைக்காலமாகக் கொடுக்கவும் வேண்டும். மூளைக்காயத்துக்கு இந்தக் கடைசி விஷயம் பெரியது, ஏனென்றால் மூன்றாம் மாதத்தில் ஒருவராலும் முழுக் கணக்குச் சொல்ல முடியாது. ஆகவே 'இதில் ஒரு கையெழுத்து, முடித்துக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் கடதாசி கொண்டுவந்தால், அதுவும் இப்போதைய நிலையில் உங்கள் கணவரிடம் தனியாகக் கொண்டுவந்தால், வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் அப்படி ஒன்றில் கையெழுத்து வைத்தவன். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை ஞாபகமில்லை. கப்பலின் விபத்து அறிக்கை, துறைமுக டொக்டரின் ரிப்போட், வேலை ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். கூட நின்றவர்களின் தொலைபேசி இலக்கத்தை இப்போதே வாங்கிவையுங்கள், ஆறு மாதத்தில் அவர்கள் வேறு கப்பலுக்கு மாறிவிடுவார்கள். கொழும்பில் வணிகக் கப்பல் துறைக்கான அரச செயலகத்திலும் முறைப்பாடு சொல்லலாம்.

மாறுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் சில கிழமைகளில், சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு இழுபடும். நான் இழுபட்டவர்களில் ஒருவன், அதனால் என்னை வைத்து உங்கள் கணவரை அளக்க வேண்டாம். எனக்கு உதவியது நித்திரை. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புவது. முதல் இரண்டொரு நாள் ஓய்வு சரி, பிறகு இருட்டறையில் கிடந்தால் இன்னும் மோசமாகும் என்று டொக்டர் சொன்னார். கிணற்றடி வரை, பிறகு சந்தி வரை, பிறகு கடற்கரை வரை என்று நடையைக் கூட்டிக்கொண்டு போனேன். பனடோலைத் தினமும் போட்டால் அதுவே தலையிடியைத் தரும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது, அதற்குள் எத்தனை அட்டை முடித்தேன் என்று கணக்கில்லை. குடியை விட்டது கஷ்டம்தான், அதில் பெருமையடிக்க ஒன்றுமில்லை, மூன்று தடவை விட்டுத்தான் விட்டேன். வீட்டில் ரீவி போகும்போது என்னோடு முக்கியமான விஷயம் கதைப்பதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். டொக்டர் சரி சொல்லும்வரை உங்கள் கணவரை மோட்டார் சைக்கிளிலோ படகிலோ தனியாக விடாதீர்கள். ஆறுவதற்கு முன் இன்னோர் அடி தலையில் படக்கூடாது.

இப்போது சங்கத்தில் மீன் நிறுக்கும் இடத்தில் நிற்கிறேன். கணக்கு வரும், பக்கத்தில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் வராது, அப்போது வெளியே போய் நின்றுவிட்டு வருவேன். அவர்களுக்கும் பழகிவிட்டது. மணம் முழுதாகத் திரும்பவில்லை. சமையல் காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்பதால் இரவில் சிலிண்டரைப் பூட்டுவது மகளின் வேலை.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் உள்ளே போங்கள், கொப்பியோடு. அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த டொக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. கெட்டுப்போன உறுப்பும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய உறுப்பும் ஒன்றுதானே.

இதை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. மனிசி வாசித்துவிட்டு, பொங்கலில் நடந்ததை நான் குறைத்துச் சொல்லியிருப்பதாகச் சொல்கிறாள். குந்தியிருந்தபோது ஒரு கிழவரைத் தள்ளிவிட்டேனாம். கொப்பியில் இருக்கிறதாம். எனக்கு ஞாபகமில்லை.